தபால் விமானிகள் உபரியான கதை

அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு ‘உபரி ஊழியர்’ என்ற சொல் நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு இலாகாவை மூடுவார்கள், இல்லையென்றால் இரண்டு இலாகாக்களை ஒன்றாக்குவார்கள். நாற்காலி, மேஜை, டைப்ரைட்டர், பீரோ எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். ஆட்களைச் சேர்ப்பதுதான் பெரிய பாடு. யார் சீனியர், யார் ஜூனியர், பழைய இடத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர் புதிய இடத்தில் யாருக்குக் கீழே உட்காருவார் என்று கோப்பு வருஷக்கணக்கில் மேஜை மேஜையாகச் சுற்றும். முப்பது வருஷத்துக்கு மேல் நான் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் பார்த்த வேலை இதுதான். அதனாலோ என்னவோ, எந்த வரலாற்றைப் படித்தாலும், அந்தக் கம்பெனியை மூடினார்கள், இந்தக் கப்பலை நிறுத்தினார்கள் என்று வந்தால், அதில் வேலை பார்த்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்றுதான் என் கண் தேடும்.

இன்று எழுதப்போவது பிரான்சில் இருந்த ஒரு விமானக் கம்பெனியைப் பற்றி. பயணிகளை விடத் தபால் மூட்டைகளையே பெரிதாக நினைத்த கம்பெனி. பெயர் ஏரோபோஸ்தால். என்னைப்போல் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் கேட்டவுடன் ‘திக்தே’ வகுப்பு ஞாபகம் வரும். ஆசிரியர் வாசிக்க வாசிக்க நாம் எழுத வேண்டும், பிழைக்குப் பிழை மதிப்பெண் போகும். ஆந்தெஸ் மலைப் பனியில் விமானம் விழுந்து, நடந்தே உயிர் பிழைத்து வந்த கியோமேயின் கதை அந்த வகுப்பில் அடிக்கடி வரும். எழுதியவர் செந்த் எக்சுபெரி. ‘குட்டி இளவரசன்’ என்று தமிழில் வந்திருக்கிறதே, அந்தப் புத்தகத்தின் ஆசிரியர்தான். அவரே ஏரோபோஸ்தாலில் விமானியாக இருந்தவர். வீரக் கதைகள் எங்களுக்கு வேண்டிய அளவு கிடைத்தன. கம்பெனியை மூடிய பிறகு அந்த வீரர்கள் எந்த ஆபீஸ் வாசலில் நின்றார்கள் என்பது எங்கள் பாடத்தில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நானாகத் தேடிப் படித்தது.

முதலில் விமானத்தைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் ஆட்களைப் புரிந்துகொள்ள முடியாது.

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. துலூஸ் நகரத்தில் பியேர்-ஜோர்ஜ் லாத்தெக்கோயேர் என்ற தொழிலதிபர் போருக்காக விமானம் செய்துகொண்டிருந்தார். போர் முடிந்தால் விமானத்தை யார் வாங்குவார்கள்? தபால் ஏற்றலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1918 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, துலூஸிலிருந்து பார்சலோனாவுக்கு முதல் சோதனைப் பயணம் நடந்தது. அடுத்த மார்ச்சில் மொரோக்கோ வரைக்கும் போய்விட்டார்கள். அங்கே பிரெஞ்சு அரசின் பிரதிநிதியாக இருந்த ஜெனரல் லியோத்தேக்கு ஒரு பாரிஸ் பத்திரிகையும், அவர் மனைவிக்கு ஒரு கொத்து வயலெட் பூவும் கொண்டுபோய்க் கொடுத்தார் லாத்தெக்கோயேர். பூ வாடாமல் வந்ததே, அதுதான் விளம்பரம். 1919 செப்டம்பரில் தபால் போக்குவரத்து முறையாகத் தொடங்கியது. 1925 ஜூனில் காசாபிளாங்காவிலிருந்து சகாராவின் கடலோரமாகவே தக்கார் வரைக்கும், சுமார் 2,800 கிலோமீட்டர் நீட்டினார்கள்.

இதற்கெல்லாம் உழைத்த குதிரை ப்ரெகே 14. போர்க்காலத்துக் குண்டுவீச்சு விமானம். போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்தது. இரட்டை இறக்கை, ஒரே இயந்திரம், ரெனோ கம்பெனியின் 300 குதிரைசக்தி. விமானிக்குத் தலைக்குமேல் கூரை கிடையாது. மழை, மணல், வெயில் எல்லாம் முகத்தில்தான். ரேடியோ கிடையாது. மேகம் மூடினால் அதற்கடியில் இறங்கித் தரையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஸ்பெயினின் மலைகளில் செத்தவர்களில் பலர் இப்படி மேகத்துக்கும் மலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்கள். சகாராவில் வேறு தொல்லை. இயந்திரம் அடிக்கடி நின்றுபோகும். நின்றால் மணலில் இறங்க வேண்டும். இறங்கினால் அந்தப் பக்கத்து மூர் இனத்தவரிடம் சிக்கலாம். அவர்கள் பாலைவனத்துக்குள் அந்நியர் வருவதை விரும்பாதவர்கள். சுட்டுவிடுவார்கள், அல்லது பிடித்துவைத்துப் பணம் கேட்பார்கள். 1926 நவம்பரில் குர், எராபிள், பிந்தாதோ என்ற மூன்று பேருக்கும் இதுதான் நேர்ந்தது. இரண்டு பேர் அங்கேயே செத்தார்கள். காயத்தோடு மீட்கப்பட்ட குர் பிறகு செத்தார். அதனால் பாலைவனத்தின் மேல் இரண்டு விமானங்களைச் சேர்த்தே அனுப்புவார்கள். ஒன்று இறங்கினால் மற்றது பக்கத்தில் இறங்கி ஆளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். மொழிபெயர்ப்புக்கு ஒரு மூர் ஆளையும் கூட ஏற்றிப் போவார்கள்.

இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்த்தவர் திதியே தோரா. இவரும் போரில் விமானியாக இருந்தவர். 1920லிருந்து துலூஸின் மோந்தோத்ரான் விமானத் திடலில் உட்கார்ந்துகொண்டு நிர்வாகம் பார்த்தார். புதிதாகச் சேரும் விமானியை உடனே விமானத்தில் ஏற்ற மாட்டார். முதலில் பட்டறையில் போட்டு எண்ணெய்ப் பிசுக்கோடு சிலிண்டர் துடைக்கச் சொல்வார். 1924ல் வந்த மெர்மோஸ் என்ற இளைஞன் தன் திறமையைக் காட்டுவதாக நினைத்து வானத்தில் கரணம் போட்டுக் காட்டினான். சர்க்கஸ்காரன் எங்களுக்கு வேண்டாம் என்ற பொருளில் தோரா அவனைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். பிறகு ஒழுங்காக ஓட்டிக்காட்டச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். அதே மெர்மோஸ்தான் பின்னாளில் பிரான்ஸ் முழுக்கத் தெரிந்த பெயர். தோராவுக்கு ஒரே தெய்வம், ‘கூரியே’, அதாவது தபால். தபால் நேரத்துக்குப் போயாக வேண்டும். தாமதம் என்றால் காரணம் கேட்க மாட்டார், அபராதம்தான். வானிலையால் ஏற்பட்ட தாமதத்துக்குக்கூட. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. நம் ஆபீஸில் இப்படி ஒரு அதிகாரி இருந்திருந்தால் யூனியன் சும்மா விட்டிருக்காது. ஆனாலும் அவரிடம் வேலை பார்த்தவர்கள் சாகும்வரை அவரைப் பெருமையாகத்தான் பேசினார்கள்.

1927ல் லாத்தெக்கோயேர் கம்பெனியை மார்செல் புயூ-லாஃபோன் என்ற முதலாளிக்கு விற்றார். தென் அமெரிக்காவில் துறைமுகம், ரயில், வங்கி என்று வைத்திருந்தவர் இவர். ஏரோபோஸ்தால் என்ற பெயர் அப்போது வந்ததுதான். அந்தச் சமயத்தில்தான் ப்ரெகே 14க்கும் ஓய்வு கொடுக்க ஆரம்பித்தார்கள். லாத்தெ 25, லாத்தெ 26, பிறகு லாத்தெ 28 என்று சொந்தப் பட்டறையில் செய்த விமானங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒற்றை இறக்கை, அதிக சக்தி, நம்பத்தக்க இயந்திரம். லாத்தெ 26ல் விமானியோடு ஒரு ரேடியோக்காரரும் ஏறினார். லாத்தெ 28ல் விமானி மூடிய அறைக்குள் உட்கார்ந்தார். எட்டுப் பயணிகள் ஏறக்கூட அதில் இடம் இருந்தது.

பழைய விமானம் போனதால் விமானிகளுக்கு நிம்மதி வந்திருக்கும் என்று நினைப்போம். பாலைவனத்தில் வந்தது உண்மைதான். மற்றபடி விமானம் நல்லதானதும் வேலை கடினமாயிற்று. எப்படி என்றால், பகலில் விமானம் எவ்வளவு வேகமாகப் போனாலும் ராத்திரி தரையில் நிற்கிறது, ரயிலும் கப்பலும் ராத்திரியும் ஓடுகின்றன. பகலில் சம்பாதித்த நேரத்தை ராத்திரியில் இழக்கிறோம் என்று தோரா கணக்குப் போட்டார். இயந்திரத்தை நம்ப முடிகிறதா, அப்படியானால் ராத்திரியும் ஓட்டு என்றார். 1928ல் மெர்மோஸ் ரியோவுக்கும் புவனோஸ் அயர்ஸுக்கும் நடுவே இரவுப் பயணத்தைத் தொடங்கிவைத்தார். திடலில் மூன்று தீவட்டி வெளிச்சம், கீழே இருட்டுக் கடல். ப்ரெகே விமானத்தில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்டிருந்தாலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். நம்ம ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது வேலை குறையும் என்று சொன்னார்களே, அது எனக்கு ஞாபகம் வருகிறது. நாள் ஒன்றுக்கு நாற்பது பில் பாஸ் செய்த கிளார்க்கிடம் இருநூறு பில் கேட்டார்கள்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. ரேடியோக்காரர் கூட ஏறியதும், ஒற்றை ஆளாக முடிவெடுத்துப் பழகிய விமானிக்குத் தரையிலிருந்து செய்தி வர ஆரம்பித்தது. முன்னால் புயல், திரும்பி வா. அல்லது, வானம் தெளிவு, போய்க்கொண்டே இரு. இதைப் பழைய ஆட்கள் சிலர் ரசிக்கவில்லை. இளைஞர்களுக்கு இதனால் உயிர் மிஞ்சியது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்று படுகிறது எனக்கு.

புதிய விமானத்தின் உச்சம் 1930 மே மாதம். மிதவை பொருத்திய ஒரு லாத்தெ 28ஐ எடுத்துக்கொண்டு மெர்மோஸ், திசை பார்க்கும் தாப்ரி, ரேடியோக்காரர் ழிமியே மூவரும் செனகலின் சேன்-லூயிலிருந்து பிரேசிலின் நத்தால் வரை, 3,000 கிலோமீட்டருக்கு மேல், கடல்மேல் நிற்காமல் பறந்தார்கள். சுமார் 21 மணி நேரம். அதுவரை அந்தக் கடலைத் தபால் கப்பலில்தான் தாண்டும், நான்கைந்து நாள் ஆகும். ஜூலையில் திரும்பி வரும்போது எண்ணெய் ஒழுகி நடுக்கடலில் இறங்க வேண்டியதாயிற்று. கம்பெனியின் கப்பல் ஒன்று பக்கத்தில் இருந்ததால் ஆட்களும் தபாலும் தப்பின. விமானம் மூழ்கிவிட்டது. அதே ஜூன் மாதத்தில்தான் கியோமே ஆந்தெஸ் மலையில் விழுந்து, ஐந்து நாள் பனியில் நடந்து உயிரோடு வந்தார். கம்பெனியின் புகழ் அந்த வருஷம் எங்கேயோ இருந்தது. அதற்கடுத்த மார்ச்சில் கம்பெனி நீதிமன்றத்தில் நின்றது.

புயூ-லாஃபோன் தென் அமெரிக்காவில் திடல், கொட்டகை, ரேடியோ நிலையம், கப்பல் என்று தன் பணத்தைக் கொட்டியிருந்தார். பிரெஞ்சு அரசோடு நீண்டகால ஒப்பந்தம் நிறைவேறும், மானியம் வரும் என்ற நம்பிக்கை. 1930ல் உலகமெங்கும் பொருளாதார வீழ்ச்சி. அந்த வருஷமே அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் ஆட்சி கவிழ்ந்தது. அவருடைய வங்கித் தொழில் ஆட்டம் கண்டது. பாரிஸ் பாராளுமன்றத்தில் அவருக்கு உதவி கிடைக்கவில்லை. 1931 மார்ச் 31 அன்று ஏரோபோஸ்தாலை நீதிமன்றக் கலைப்பில் போட்டார்கள். கலைப்பாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த வருஷம் ஒரு அசிங்கமும் நடந்தது. ஜெர்மானியரின் லுஃப்தான்சாவுக்கு உதவ, பிரெஞ்சு விமான அமைச்சகத்தின் பெரிய அதிகாரி ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு ஏரோபோஸ்தாலை அழித்தார் என்று காட்டும் தாள்களை முதலாளியின் மகன் ஆந்த்ரே வெளியே கொண்டுவந்தார். விசாரித்துப் பார்த்தால் தாள்கள் எல்லாம் போலி. வழக்கு நடந்து ஆந்த்ரேக்குத் தண்டனை ஆயிற்று. கம்பெனிக்கு இருந்த கொஞ்சநஞ்சம் அனுதாபமும் இதோடு போயிற்று. ஒரு நல்ல கோப்பில் ஒரே ஒரு கள்ளத் தாள் நுழைந்தால் மொத்தக் கோப்பையும் யாரும் நம்ப மாட்டார்கள், அப்படி நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மார்செல் புயூ-லாஃபோன் 1944ல் ரியோவில் செத்தபோது கையில் ஒன்றும் இல்லாதவராக இருந்தார்.

கலைப்பு என்றால் மறுநாளே விமானங்கள் நின்றுவிடவில்லை. அரசு பணம் கொடுத்தது, தபால் ஓடிக்கொண்டிருந்தது. தென் அமெரிக்காவின் சில வழிகளை மட்டும் வெட்டினார்கள். அர்ஜென்டினாவில் கிளைக் கம்பெனியாக இருந்ததை அந்நாட்டு அரசே எடுத்துக்கொண்டது. அந்தக் கிளையின் தலைவராகத்தான் செந்த் எக்சுபெரி இருந்தார். 1931ன் ஆரம்பத்தில் லீவில் பிரான்சுக்கு வந்தவர் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகவே இல்லை.

1933 ஆகஸ்ட் 30 அன்று ஏர் பிரான்ஸ் என்ற ஒரே கம்பெனியாகப் பிரெஞ்சு விமானக் கம்பெனிகளைச் சேர்த்தார்கள். ஏர் ஓரியான், ஏர் யூனியோன், சித்னா, ஃபார்மான் வழிகள் என்று நான்கு ஒன்றாயின. ஏரோபோஸ்தாலின் சொத்தையும் அதில் வாங்கிப்போட்டார்கள். ஏர் ஓரியான் என்பது நம் பக்கம் வழியாக, கராச்சி, கல்கத்தா, ரங்கூன் என்று இறங்கி சைகோனுக்குப் போன வழி. அதன் சின்னமான இறக்கை முளைத்த கடற்குதிரைதான் ஏர் பிரான்சுக்குச் சின்னமாயிற்று. சின்னம் பிழைத்தது ஏர் ஓரியானுடையது. ஏரோபோஸ்தாலின் பெயர் பலகையிலிருந்தே போயிற்று.

இப்போது என் செக்‌ஷன் கண்ணோடு ஆட்களைப் பார்க்கிறேன்.

தோரா. பன்னிரண்டு வருஷம் அந்த வழியைக் கட்டியெழுப்பியவர். 1932லேயே வெளியேற்றிவிட்டார்கள். புதிய கம்பெனியில் அவருக்கு நாற்காலி இல்லை.

செந்த் எக்சுபெரி. இவருடையது விசித்திரம். இரவுத் தபாலைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1931 டிசம்பரில் ஃபெமினா பரிசு வாங்கியது. பாரிஸ் முழுக்கப் பெயர். அதிலே வரும் கண்டிப்பான மேலதிகாரி தோராவின் சாயல் என்று எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்குள் அப்போது தோரா கட்சி, தோராவுக்கு எதிர்க்கட்சி என்று பிரிந்து கிடந்த நேரம். கூட வேலை பார்த்தவர்களே இவரை ஒதுக்கினார்கள். இந்தப் புத்தகத்தை எழுதியதே தனக்குக் கெடுதலாகப் போயிற்று என்று கியோமேக்குக் கடிதம் எழுதினார். சாதாரண விமானியாகத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை. பிறகு லாத்தெக்கோயேர் பட்டறையில் கடல் விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. 1933 டிசம்பரில் சேன்-ரஃபாயேலில் தண்ணீரில் இறங்கும்போது விமானம் கவிழ்ந்து, மூழ்கிச் சாக இருந்தார். ஏர் பிரான்ஸ் அவரை விமானியாக எடுக்கவில்லை. 1934ல் விளம்பரப் பிரிவில் வேலை கொடுத்தது. ஊர் ஊராகப் போய் ஏர் பிரான்ஸைப் பற்றிப் பேச வேண்டும்! காப் ஜுபியில் தனியாக ஒரு மரக் கொட்டகையில் இருந்துகொண்டு, பாலைவனத்தில் விழுந்தவர்களை மீட்டு வந்த ஆளுக்கு இந்த வேலை. உபரி ஊழியரைத் தகுதிக்குப் பொருந்தாத இடத்தில் ‘ஒத்த பதவி’ என்று எழுதி உட்காரவைப்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன்.

மெர்மோஸ். இவரை வெளியே தள்ள யாருக்கும் துணிவில்லை, அவ்வளவு புகழ். ஏர் பிரான்சில் பெரிய பதவி கொடுத்தார்கள். ஆனால் அவர் கேட்டது பதவியில்லை, கடலைத் தாண்டும் விமானம். 1933 ஜனவரியில் மூன்று இயந்திரம் கொண்ட ‘ஆர்க்-ஆன்-சியேல்’ விமானத்தில் 14 மணி நேரச் சொச்சத்தில் கடலைத் தாண்டிக் காட்டினார். அதற்குப் பிறகும் தபால் கப்பலிலேயே போய்க்கொண்டிருந்தது. 1934 பிப்ரவரியில் லுஃப்தான்சா அந்தக் கடலின்மேல் முறையான விமானத் தபாலைத் தொடங்கிவிட்டது. மெர்மோஸ் கூட்டம் கூட்டமாகப் பேசினார், அமைச்சர்களைப் பார்த்தார். பிறகு விமானங்கள் வந்தன, ஆனால் கொஞ்சமாக, வேறு வேறு வகையாக வந்தன. 1936 பிப்ரவரியில் ‘வில் து புவனோஸ் அயர்ஸ்’ கடலில் காணாமல்போனது. மெர்மோஸின் பழைய மெக்கானிக் கொலெனோ அதில் இருந்தார். அதே வருஷம் டிசம்பர் 7 அன்று, மெர்மோஸே ‘க்ருவா து சுட்’ என்ற நான்கு இயந்திரக் கடல் விமானத்தில் தக்காரிலிருந்து தபாலோடு கிளம்பினார். ஒரு இயந்திரத்தின் விசிறியில் கோளாறு என்று திரும்பி வந்தார். சரிபார்த்தார்கள். வேறு விமானம் தயாராக இல்லை. தபால் காத்திருக்கக் கூடாது. மறுபடி கிளம்பினார். பத்தே முக்கால் மணி வாக்கில், பின்பக்க வலது இயந்திரத்தை நிறுத்துகிறோம் என்று ஒரு செய்தி வந்தது. அவ்வளவுதான். ஐந்து பேரும் போனார்கள். இரண்டு நாள் கழித்து மெர்மோஸுக்கு 35 வயது முடிந்திருக்கும்.

அவர் உடம்பில் ஓடியது தோரா ஊட்டிய பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற ஒழுங்கு பின்னால் இல்லாமல் போயிற்று. தோராவின் காலத்தில் ஒரு விமானம் பழுது என்றால் இன்னொன்று திடலில் நிற்கும், விமானிதான் மாறி ஏற வேண்டும். கம்பெனி கலைந்தபின் விமானி அதே விமானி, மாற்று விமானம் இல்லை. இது என் கருத்து. வேறு விதமாக நினைப்பவர்களும் உண்டு.

கியோமே ஓசைப்படாத மனிதர். ஆந்தெஸ் மலையை 393 தடவை தாண்டியவர். ஏர் பிரான்சில் சேர்ந்து கடலைத் தாண்டி ஓட்டிக்கொண்டே இருந்தார், எந்தக் கட்சியிலும் இல்லை. 1940 நவம்பர் 27 அன்று, போரின் நடுவே, மத்தியதரைக் கடலின்மேல் அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். 1928ல் மூர் இனத்தவரிடம் மாதக்கணக்கில் கைதியாக இருந்து மீண்ட மார்செல் ரெய்னும் அதே விமானத்தில்தான் இருந்தார். காசாபிளாங்கா–தக்கார் வழியின் பழைய ஆட்களில் தான் ஒருவனே மிச்சம் என்று செந்த் எக்சுபெரி அப்போது எழுதினார். 1944 ஜூலை 31ல் கோர்சிகாவிலிருந்து வேவு பார்க்கப் பறந்துபோன அவரும் திரும்பவில்லை. விமானத்தின் உடைசல் மார்செய் பக்கத்துக் கடலில் கிடைத்து, அது அவருடையதுதான் என்று 2004ல் உறுதி செய்தார்கள்.

தோராவின் கதை 1932ல் முடியவில்லை. அவர் சும்மா உட்காரும் ஆள் இல்லை. லாத்தெக்கோயேர் காலத்து நண்பர் பெப்போ து மாசிமியோடு சேர்ந்து ஏர் ப்ளே என்ற சிறிய கம்பெனியைத் தொடங்கினார். இதில் பயணிகளுக்கே இடம் கிடையாது, தபால் மட்டும். 1935 ஜூலை 10 அன்று பாரிஸிலிருந்து பிரான்சின் உள்ளூர்களுக்குக் கொத்ரோன் சிமூன் என்ற சின்ன விமானங்கள் கிளம்பின. விமான ஓட்டத்தில் ஒழுங்கு பிரமாதம், கணக்கில் நஷ்டம். கடிதத்துக்குக் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும் என்றதால் மக்கள் அவ்வளவாக எழுதவில்லை. 1936ல் நிறுத்தினார்கள். 1937ல் அரசு கைகொடுத்ததும் மறுபடி ஓடியது, கூடுதல் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். 1939 மே 10 அன்று பாரிஸிலிருந்து போர்தோ வழியாக போ நகரத்துக்கு முதல் இரவுத் தபால். நான்கு மாதத்தில் போர் வந்துவிட்டது.

போர் முடிந்து 1945 அக்டோபரில் ஏர் பிரான்சுக்குள்ளேயே இரவுத் தபால் பிரிவு ஒன்றை ஆரம்பித்தார்கள். பதின்மூன்று வருஷத்துக்கு முன் வேண்டாம் என்று அனுப்பிய தோராவைத்தான் அதற்கு அழைக்க வேண்டியிருந்தது. கிடைத்த விமானமோ யுங்கர்ஸ் 52, ஜெர்மானியர் போர்க்காலத்தில் பிரான்சில் செய்யவைத்தது. பிறகு டக்கோட்டா வந்தது, அப்புறம் ஃபோக்கர் 27, 1973ல் டிரான்ஸால். ஒவ்வொன்றும் வந்து, உழைத்து, போயிற்று. 1991ல் ஏரோபோஸ்தால் என்ற பெயரையே ஒரு புதிய கம்பெனிக்கு வைத்தார்கள். அதன் போயிங் 737 விமானங்களில் ராத்திரி தபால் போகும், விடிந்ததும் தபால் பெட்டிகளை இறக்கிவிட்டு நாற்காலிகளை வரிசையாக உள்ளே தள்ளிப் பயணிகளை ஏற்றுவார்கள். 2000ல் அந்தப் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிரெஞ்சு சர்வீஸிலிருந்து இந்திய சர்வீஸுக்கு மாறி வந்த பெரியவர்கள் சிலர் எங்கள் ஆபீஸில் இன்னும் இருந்தார்கள். 1954 நவம்பர் 1க்குப் பிறகு அவர்களுடைய சம்பளம், லீவு, பென்ஷன் எதையும் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. பணத்தில் அவர்களுக்குக் குறை இல்லை. ஆனால் பிரெஞ்சில் ஒரு ‘தொசியே’ எழுதினால் அதைப் படிக்க ஆள் இல்லையே என்ற குறை, அதை எந்த விதியாலும் தீர்க்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கடைசிக் காலத்தில் அவருக்கு டெஸ்பாட்ச் வேலை கொடுத்திருந்தார்கள்.

ஏரோபோஸ்தால் ஆட்களில் ஒருவருடைய சர்வீஸ் புக்கை மட்டும் எந்தத் தணிக்கை அதிகாரியும் ஆட்சேபணை எழுதாமல் மூடலாம். ரெமோன் வானியே. 1919ல் லாத்தெக்கோயேரில் சேர்ந்தார். கூரையில்லாத பழைய விமானங்களை ஓட்டினார். கம்பெனி கலைந்தபின் 1935ல் தோராவோடு ஏர் ப்ளேயில் சேர்ந்து சிமூன் ஓட்டினார். 1939 மே 10ன் முதல் இரவுத் தபாலை ஓட்டியவரும் அவர்தான். போருக்குப் பின் இரவுத் தபால் பிரிவைத் தோராவோடு சேர்ந்து எழுப்பி, பிறகு அதற்குத் தலைமை தாங்கினார். ஐந்தாறு வகை விமானங்கள் அவர் கண்முன் வந்து ஓய்வு பெற்றன, மூன்று கம்பெனிகள் பெயர் மாறின. அவர் வயது முடிந்து ஓய்வு பெற்றார். உட்கார்ந்து ஒரு நினைவுப் புத்தகமும் எழுதினார். 1965ல் காலமானார்.